கையை விட்டாளா, கைவிட்டாளா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் அக்கா மகள் 'லிட்டில் நைட்மேர்ஸ்' என்கிற வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை ஆடி முடித்திருக்கிறாள். கடைசியில் சிக்ஸ் என்கிற சிறுமி, கூடவே வந்த மோனோ என்கிற பையனின் கையை ஏன் விட்டாள் என்பதற்குத் தானாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்திருக்கிறாள்: மோனோவின் முகத்தில், அவர்களைத் துரத்தி வந்த ஒல்லி மனிதனின் சாயலைப் பார்த்துச் சிக்ஸ் பயந்துவிட்டாள் என்று. கூடப் படிக்கிற பிள்ளை, "அது தப்பு, நெட்ல வேற போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டதால் இரண்டு நாளாக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். எது சரியான விடை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில் இருப்பதுதான் உண்மையான கேள்வி: "ஹெட்கேனன், ஹெட்கேனன் என்கிறாள், இதெல்லாம் சும்மா கற்பனைதானே?" கதை சொல்லாமல் விட்ட இடத்தை ஆடுகிறவர் தன் மனதில் நிரப்பிக்கொண்டால் அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன், இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன், அப்புறம் அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் ஒன்பது வருடம் கேம் கடை நடத்தினேன். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், மணிக்கு நாற்பது ரூபாய். எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், பஸ் பொள்ளாச்சிக்கும் போகும் பாலக்காட்டுக்கும் போகும். கடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம் மீடியம். ஒருவன் தமிழில் கேட்டால் இன்னொருவன் மலையாளத்தில் பதில் சொல்வான், யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. இந்த ஆட்டத்தின் முடிவை முப்பது நாற்பது பிள்ளைகள் என் கண் முன்னால் பார்த்திருக்கிறார்கள். 2023-ல் கடையை மூடிவிட்டேன். அதனால் 2025 அக்டோபரில் வந்த மூன்றாம் பாகத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் செய்தது வேறு நிறுவனம், கதாநாயகர்களும் லோ, அலோன் என்று வேறு இருவர். அதனால் அதை இந்தப் பஞ்சாயத்துக்குள் நான் இழுக்கப் போவதில்லை.

முதலில் சந்தேகமே இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டம் 2017 ஏப்ரலில் வந்தது. செய்தவர்கள் ஸ்வீடனில் மால்மோ நகரத்து டார்சியர் ஸ்டுடியோஸ், வெளியிட்டது பண்டாய் நாம்கோ. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சிக்ஸ் என்கிற சின்னக் குழந்தை, 'மா' என்கிற ராட்சதக் கப்பல் மாதிரியான இடத்திலிருந்து தப்பிப்பதுதான் கதை. ஐந்து இடங்களில் அதற்கு வயிற்றைப் பிசைகிற பசி வருகிறது. முதல் தடவை கம்பிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குழந்தை ரொட்டியைத் தூக்கிப் போடுகிறது. அடுத்து பொறியில் வைத்த இறைச்சி. அடுத்து உயிரோடு ஓர் எலி. நான்காவது தடவை, கூம்புத் தொப்பி போட்ட நோம் என்கிற குட்டி உருவம் ஒன்று தானாக வந்து ஒரு சாசேஜை நீட்டுகிறது. சிக்ஸ் சாசேஜை விட்டுவிட்டு நோமைத் தின்கிறாள். அதுவரை வழியில் பார்க்கிற நோம்களையெல்லாம் ஆடுகிறவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருப்பார், அப்படிப் பழக்கிவிட்டுத்தான் இதைச் செய்கிறார்கள். ஐந்தாவது தடவை அந்த இடத்தின் எஜமானி, 'லேடி'.

இரண்டாம் பாகம் 2021 பிப்ரவரியில் வந்தது. தலையில் காகிதப் பை மாட்டிய மோனோ, வேட்டைக்காரன் வீட்டுக் கதவைக் கோடாரியால் உடைத்து, உள்ளே இசைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் சிக்ஸை மீட்கிறான். மழைக்கோட்டு அவளுக்கு அப்புறம் வழியில்தான் கிடைக்கிறது. டிவிப் பெட்டிக்குள்ளிருந்து வரும் ஒல்லி மனிதன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். மோனோ பையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை எதிர்க்கிறான். கோபுரத்துக்குள் உருக்குலைந்து பூதம் மாதிரி இருக்கும் சிக்ஸைக் கண்டுபிடித்து, அவள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இசைப்பெட்டியை உடைத்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறான். இருவரும் ஓடுகிறார்கள், பாலம் இடிகிறது, மோனோ தாவுகிறான், சிக்ஸ் கையைப் பிடிக்கிறாள். பிடித்துக்கொண்டு அவனையே பார்க்கிறாள். அப்புறம் விட்டுவிடுகிறாள். கீழே விழுந்த மோனோ ஒரு நாற்காலியில் உட்கார்கிறான், வளர்கிறான், வளர்ந்து அந்த ஒல்லி மனிதனாகவே ஆகிறான். இதுவரை திரையில் காட்டப்பட்டது. இதைத்தான் கேனன் என்கிறார்கள். இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும், உங்கள் அக்கா மகளோ, லட்சம் பேர் பார்க்கும் சேனலோ, நானோ, எல்லாம் உரைதான்.

உரை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாகச் சொல்வார்கள். ஒரே ஒன்றே முக்கால் அடி, பத்துப் பேர். அவர்களில் யாரும் மற்றவரைப் பார்த்து, "நீ சொல்வது மூலத்தில் இல்லை, ஆகவே நீ வாயை மூடு" என்று சொல்லவில்லை. மூலத்தில் இல்லாததைச் சொல்லத்தானே உரை. ஆனால் எல்லா உரையும் ஒரே தரமும் இல்லை. பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் நூறு அடி தள்ளி இன்னொரு சொல்லோடு முடிச்சுப் போடுவார். வகுப்பில் படிக்கும்போது எங்களுக்குத் தலை சுற்றும். இன்றைக்கு யூடியூபில் சுவரில் தொங்கும் ஒரு படத்தின் மூலையைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "இதோ சிக்ஸின் அப்பா" என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. (அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெரிய மனிதர்.)

பாலக்காட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பகவதி கோயில்களில் கூத்துமாடம் கட்டித் தோல்பாவைக் கூத்து நடத்துவார்கள், தெரிந்திருக்கும். 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்து, கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, புலவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். தாரிகன் என்கிற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பத்ரகாளி பார்க்கவில்லை, அவள் பார்ப்பதற்காகத்தான் கூத்து என்பது ஐதீகம். கல்லூரி நாளில் ஓர் இரவு போய் உட்கார்ந்தேன். நள்ளிரவு தாண்டியதும் மனிதர்கள் என்று பார்த்தால் நானும், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு தாத்தாக்களும்தான். திரைக்குப் பின்னால் விளக்கம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கூத்து மரபில் சூர்ப்பணகைக்குச் சம்புகுமாரன் என்று ஒரு மகன் உண்டு. லட்சுமணன் கையால் தெரியாமல் இறந்துபோகிறான். அப்புறம்தான் சூர்ப்பணகை ராமன் இருக்கும் இடத்துக்கு வருகிறாள். கம்பனில் இந்த மகன் கிடையாது. ஆனால் இவன் வந்த பிறகு அவள் வெறும் காமம் பிடித்த அரக்கி இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். கம்பன் காட்டிய ஒன்றையும் அழிக்காமல், அவன் காட்டாத இடத்தில் ஒரு காரணத்தை வைத்துவிட்டார்கள். ஹெட்கேனன் என்று உங்கள் அக்கா மகள் சொல்வது இதைத்தான்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. நீ சொல்கிற காரணத்தை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால் திரையில் இருக்கிற எதையாவது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதா? வேண்டியிருந்தால் அது கட்டுக்கதை. வேண்டியில்லை என்றால் தாராளமாக வைத்துக்கொள்.

இப்போது கைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் கிட்டத்தட்டப் பேச்சே கிடையாது. மோனோ "ஹே" என்று கூப்பிடுவான், அவ்வளவுதான். அதனால் நடந்ததைச் சொல்லும்போது பிள்ளைகள் அவரவர் மொழியில்தான் சொல்லியாக வேண்டும், சொல்லும்போதே தீர்ப்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ் மீடியம் பையன் ஒருவன் ஆட்டம் முழுக்கச் சிக்ஸை, "அது வருதுங்ணா", "அது ஒளிஞ்சிருச்சுங்ணா" என்று அஃறிணையிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். தப்பில்லை, தமிழில் குழந்தை அழுதது என்றுதானே சொல்கிறோம். அந்தக் கடைசிக் காட்சி முடிந்ததும் அவன் வாயில் வந்தது, "கைவிட்டுப்போட்டாளே!" ஒரு நொடியில் அது போய் அவள் ஆகிவிட்டாள். குழந்தையாக இருந்தவரைக்கும் அது, துரோகம் செய்ததும் பெண். இலக்கண வகுப்பில் திணை பால் என்று எத்தனை நாள் படித்தேன், எனக்கு அது இவ்வளவு சுருக்கென்று உறைத்ததில்லை.

பக்கத்து டிவியில் ஆடிக்கொண்டிருந்த மலையாளம் மீடியம் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கைவிட்டுப் போயி" என்றான். அந்த மொழியில் வினைமுற்று ஆண் பெண் காட்டாது. அதோடு, கைவிட்டுப் போயி என்றால் கைமீறிப் போனது, நழுவிவிட்டது என்ற அர்த்தமும் அதில் உண்டு. யாரும் யாரையும் கைவிடவில்லை, விஷயம் கையை விட்டுப் போய்விட்டது. அடுத்த அரை மணி நேரம் இரண்டு பேருக்கும் சண்டை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், காசு வாங்கவே மறந்துபோனேன்.

தமிழிலேயே பாருங்கள், கையை விட்டாள் என்றால் விரலைத் திறந்தாள், அவ்வளவுதான். கைவிட்டாள் என்றால் அநாதையாக்கினாள். நடுவில் இருப்பது ஒரே ஓர் ஐகாரம். உலகம் முழுக்க இந்த முடிவைப் பற்றி நடக்கும் சண்டை எல்லாம் அந்த ஐகாரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

என் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், நழுவிவிட்டது என்பது நிற்காது. அவள் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிற நேரம் அதிகம், விடுவது தெளிவாகத் தெரிகிறது, விட்ட பிறகு அவள் குனிந்து தேடவும் இல்லை, திரும்பித் தன் வழியே போகிறாள். அந்த மலையாளப் பையனுக்காக நான் வருத்தப்படுகிறேன், ஆனால் திரையை அழித்துவிட்டுத்தான் அவன் சொல்வதை ஏற்க முடியும். கடைக்கு அண்ணனோடு வரும் ஒரு சின்னப் பெண் சொன்னது வேறு: "அவளுக்குக் கை வலிச்சிருக்கும்ங்ணா." இதை நான் முதலில் சிரித்து ஒதுக்கினேன். அப்புறம் யோசித்தால் ஒதுக்க முடியவில்லை. அதற்கு முன் எத்தனை தாவல்களில் அவள் அவனைப் பிடித்து இழுத்திருக்கிறாள், டிவிக்குள் சிக்கியவனை எத்தனை முறை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். இழுத்து இழுத்துக் கை வலித்த பிள்ளை ஒரு நாள் விட்டுவிட்டது என்பது திரையில் உள்ள எதையும் மறுக்கவில்லை. எனக்குப் பிடித்த உரை இதுதான், சரியானது என்று சொல்லவில்லை.

உங்கள் அக்கா மகள் சொல்வது, அதாவது முகத்தை அடையாளம் கண்டு பயந்தாள் என்பது, பலரும் நம்புகிற வலுவான உரை. மோனோ அந்த நேரத்தில் முகத்தில் பை இல்லாமல் இருக்கிறான், அவள் அவனையே உற்றுப் பார்க்கிறாள், அவன்தான் பின்னால் ஒல்லி மனிதனாக ஆகப் போகிறான். மூன்றும் திரையில் உண்டு. இவற்றை இணைக்கிற கோடு மட்டும்தான் அவளுடையது. இசைப்பெட்டியை உடைத்த கோபம் என்கிறவர்களுக்கும் இதே அளவு ஆதாரம் உண்டு. கோபுரத்தில் அந்தப் பெட்டியின் மேல் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அதை லேசில் ஒதுக்க மாட்டார்கள். அவள் ஆரம்பத்திலிருந்தே இரக்கமில்லாதவள் என்று ஒரு கூட்டம் சொல்லும். ஆஸ்பத்திரியில் டாக்டரை உலைக்குள் பூட்டிக் கொளுத்தினால் சிக்ஸ் அந்த நெருப்பில் கை காய்ச்சுவதைக் காட்டுவார்கள். உண்மை, காய்ச்சுகிறாள். ஆனால் கொளுத்துவதும் கொளுத்தாமல் போவதும் ஆடுகிறவர் கையில். கொளுத்தியது நாம், குளிர் காய்ந்தது அவள் என்று நான் சொன்னால் பையன்கள் முறைப்பார்கள்.

முழுக்கத் தள்ள வேண்டியது என்றால், லேடிதான் சிக்ஸின் அம்மா, சிக்ஸ் அந்தக் கப்பலிலேயே பிறந்தவள் என்கிற கதையைச் சொல்வேன். இரண்டாம் பாகத்தில் சிதறிக் கிடக்கும் நிழல் எச்சங்களை எல்லாம் சேர்த்தால் இன்னொரு முடிவு கிடைக்கும். சிக்ஸ் டிவியிலிருந்து வெளியே விழுகிறாள், அவளுடைய நிழல் 'மா'வின் விளம்பரத் தாளைக் காட்டுகிறது, அவள் வயிறு உறுமுகிறது. அதாவது இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு முந்தைய கதை. பசியோடு ஒரு தாளைப் பார்த்து அந்த இடத்துக்குப் போனவள், அங்கேயே பிறந்தவள் எப்படி ஆவாள்? 2017-ல் இந்தக் கதை சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது அது நின்றது. இப்போது நிற்பது கஷ்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் ஆட்டம் வந்த புதிதில் ஒரு பையன், "இந்த நோம் எல்லாம் முன்னாடி பசங்களா இருந்திருக்கும்ங்ணா" என்றான். எல்லாரும் சிரித்தோம். 2018 பிப்ரவரியில் கூடுதல் அத்தியாயங்களில் மூன்றாவது வந்தது. அதில் நாம் ஆடிக்கொண்டு வந்த பையனை லேடி கடைசியில் நோமாக மாற்றிவிடுகிறாள். அந்த நோம் தத்தித் தத்தி நடந்து போய் ஒரு சாசேஜ் கிடக்கும் இடத்தில் நிற்கிறது. நீட்டிய சாசேஜை விட்டுவிட்டு அவள் தின்றது யாரை என்பது அப்போதுதான் புரிந்தது. கடையில் ஒரு சத்தமும் இல்லை. சொன்ன பையன் பெருமை அடித்துக்கொள்ளவில்லை, "நான் சொன்னது பொய்யாவே இருந்திருக்கலாம்ங்ணா" என்றான்.

இன்னொன்று. சிலர் சிக்ஸுக்கு இன்ன மனநோய், மோனோவுக்கு இன்ன குறை என்று பெயர் வைத்துப் பேசுகிறார்கள். நான் மருத்துவன் இல்லை, அதில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை தன்னையே அந்தப் பாத்திரத்தில் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்கிறது என்றால், அங்கே என் அளவுகோலை எடுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வராது. அது உரை இல்லை, வேறு ஏதோ சொல்ல வருகிறது.

உங்கள் அக்கா மகளிடம், அவள் தோழி சொன்னது தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். தோழியிடம், நெட்டில் இருப்பது எந்தக் காட்சியிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் ஆடிப் பார்ப்பதானால் வெளிவந்த வரிசையிலேயே ஆடுங்கள்: முதல் பாகம், கூடுதல் அத்தியாயங்கள், அப்புறம் இரண்டாம் பாகம். கதை நடந்த வரிசையில் ஆடினால் அந்த விளம்பரத் தாள் வெறும் தாளாகத்தான் தெரியும்.

பிளேஸ்டேஷனில் சிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆர்2 பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் காட்சியில் நாம் என்ன அழுத்தினாலும் ஒன்றும் மாறாது. என் கடையில் பெரும்பாலான பிள்ளைகள் மோனோ விழுந்து இருட்டான பிறகும் அதை அழுத்திக்கொண்டேதான் இருந்தார்கள், விரல் நுனி வெளுத்துப் போகிற அளவுக்கு. உங்கள் அக்கா மகள் எந்த மெஷினில் ஆடினாள், எதுவரைக்கும் அழுத்தினாள் என்று முடிந்தால் கேட்டு எழுதுங்கள்.